மூன்றாவது வரிசையில் இருந்தவன்

நாவற்குடாவில் ஜொய்சனின் இன்டர்நெட் கடையில் நாலு கணினி, ஒரு பிரிண்டர், நாலு கடைக்குப் போதுமான பெருமை. தெரியாது என்று அவன் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. பாமினி என்ற பழைய எழுத்துருவில், ஆங்கில எழுத்துகளாகத் தெரியும் தமிழ்ப் பக்கங்களைத் தானாகவே வாசிக்கிற மாதிரி மாற்றித்தரும் பிளக்-இன் ஒன்றை எங்கிருந்தோ இறக்கி, நாலு கணினியின் பிரவுசரிலும் போட்டிருந்தான். மட்டக்களப்பிலேயே இது தன்னிடம் மட்டும்தான் என்று, பெற்ற பிள்ளையைப் போல் அதைச் சொல்லிக் கொண்டாடுவான்.

அந்தப் பிளக்-இன்னுக்கும் வீடியோ ஓட்டும் பிளக்-இன்னுக்கும் ஒத்துவரவில்லை. முதலாவது, பக்கத்தில் கண்ட ஆங்கில எழுத்தையெல்லாம் பாமினி என்று எண்ணித் தமிழாக்கிவிடும்; வீடியோ இருக்கும் முகவரியையும் விட்டுவைக்காது. தமிழ்ச் செய்தித் தளங்களைத் திறந்தால் வீடியோ ஓடவேண்டிய இடத்தில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்றுதான் தெரியும். இரண்டும் ஒத்துவரவில்லை என்று மேலே மஞ்சள் பட்டையில் பிரவுசர் சொல்லத்தான் செய்தது. ஜொய்சன் அதை வாசிக்காமலே மூடிவிடுவான்.

2010 மாசியில் அன்னப்பிள்ளை அவனைத் தேடி வந்தாள். வாகரைக்காரி. புருசனையும் சின்னதுகள் இரண்டையும் சுனாமி கொண்டுபோக, மிஞ்சியது மகன் கேதீசனும் மகள் விதுசாவும். கேதீசனைப் பதினேழு வயதில் இயக்கம் பிடித்துக்கொண்டு போய், பிறகு வன்னிக்குக் கொண்டுபோனது. சண்டை முடிந்து ஒன்பது மாதமாகியும் அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இப்போது சுவிசில் இருக்கும் அக்காவின் மகன் தொலைபேசியில் சொல்லியிருந்தான்: சரணடைந்த பிள்ளைகள் இருக்கும் முகாமை ஒரு தளத்தில் காட்டுகிறார்கள், மூன்றாவது வரிசையில் இருப்பவன் கேதீசன் மாதிரி இருக்கிறான், பெற்றவள் பார்த்தால்தான் தெரியும் என்று. தளத்தின் முகவரியை விதுசா ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டிருந்தாள்.

பார்த்தே ஆகவேண்டிய அவசரமும் ஒன்று இருந்தது. இந்தப் பக்கத்தில் பெண்பிள்ளைக்குக் கலியாணம் என்றால் வீடு கொடுக்கவேண்டும். மாப்பிள்ளை வந்து இருப்பது அந்த வீட்டில்தான். வீட்டுத்திட்டத்தில் அன்னப்பிள்ளையின் பெயர் இருந்தது. ஆனால் குடும்பத்தில் ஒவ்வொருவரும் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கும் படிவத்தில் காணாமல்போனவன் என்றொரு கட்டம் கிடையாது. ஒன்றில் மகனைக் காட்டு, இல்லையென்றால் செத்துப்போனான் என்று கையெழுத்து வைத்து மரணச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு வா என்றார்கள் அலுவலகத்தில். பொய்யாக எழுதினால் வீடும் போகும், வழக்கும் வரும் என்றும் சொல்லிவைத்தார்கள். புதன்கிழமை கடைசி நாள்.

ஜொய்சன் பக்கத்தைத் திறந்தான். சாம்பல் பெட்டி. மூடித் திறந்தான், அதே பெட்டி. கடையில் பலபேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இத அரசாங்கம் தடுத்துப்போட்டுது அம்மா. இனி ஒருத்தராலயும் திறக்கேலாது."

சுவிசில் தெரிகிறதாமே என்றாள். அங்கே தெரியும், இங்கே தெரியாது என்றான். வேறு கடையில் கேட்டுப் பார்க்கட்டுமா என்று அவள் இழுத்தபோது, இப்படியான தளங்களைத் தேடித் திரிந்தால் வீட்டுக்கு ஆள் வரும் என்று பயமும் காட்டிவிட்டான். அந்த நாளில் திறக்காத எதையும் தடை என்று சொல்லிவிடலாம். யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். அவனும் அதைப் பாதி நம்பினான். மீதிப் பாதிக்குத்தான் அவனை மன்னிக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமையும் வந்தாள். கதிரையில் இருந்த ஆளை எழுப்பாமல், நின்றபடியே அதே பதிலைச் சொல்லி அனுப்பினான். புதன்கிழமை அவள் கையெழுத்து வைத்தாள்.

ஆனியில் ஜெயராஜா மாஸ்டர், பேத்தி பரிசு வாங்கியதை ஒரு செய்தித் தளத்தில் பார்க்க வந்தார். சாம்பல் பெட்டியைக் கண்டதும், தன் வீட்டுக் கணினியில் ஓடுகிறதே, உனக்கு வேலை தெரியாதா என்று கேட்டுவிட்டார். ஜொய்சனுக்கு மானம் போய்விட்டது. பிளக்-இன்களை ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். பாமினியை நிறுத்தியதும் வீடியோ ஓடியது. அரை மணி நேர வேலை. அன்னப்பிள்ளையின் நினைப்பே அவனுக்கு வரவில்லை.

அடுத்த கிழமை அவளே வந்தாள். வீட்டுக்கு அத்திவாரம் போட்டாயிற்று, கலியாணத்துக்கும் நாள் குறித்தாயிற்று. செத்தவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்து முடிக்காமல் நல்ல காரியம் கூடாது என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்களாம். அதற்கு அழைப்புக் கார்டு அடிக்கவேண்டும். கேதீசனின் படத்தை மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். இடது புருவத்தை இரண்டாகப் பிளந்த ஒரு தழும்பு.

படத்தை ஸ்கேன் செய்யும்போதுதான் ஜொய்சனுக்கு அன்றைய சாம்பல் பெட்டி நினைவுக்கு வந்தது. பிரவுசரில் பழைய பக்கங்களின் பட்டியலைத் தேடி மாசி மாதத்துக்குப் போனான். அழுத்தினான். ஓடியது.

பையன்கள் வரிசையாகத் தரையில் இருந்தார்கள். கமெரா மெல்ல நகர்ந்தது. மூன்றாவது வரிசையில் நீலச் சட்டைக்காரன் ஒருவன் கமெராப் பக்கம் கிறுகிப் பார்த்தான். இடது புருவம் இரண்டாகப் பிளந்திருந்தது.

அன்னப்பிள்ளை ஜொய்சனுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். திரும்பப் போடச் சொன்னாள். போட்டான். இன்னொரு தரமும் கேட்டாள். அவன் அந்த முகம் வந்த இடத்தில் வீடியோவை நிறுத்தினான். அவள் சேலைத் தலைப்பால் திரையைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

தடுத்திருந்ததை இப்போதுதான் எடுத்துவிட்டார்கள் அம்மா என்று இன்னொரு பொய்யைச் சொன்னான். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"இது என்ட புள்ள இல்ல மனே."

ஜொய்சன் படத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல்லோடு நாலு மாதத்துக்கு முன் அவன் சொன்னதும் வெளியே வரும். சொல்லவில்லை. வெட்கக்கேடு என்னவென்றால், அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

"என்ட புள்ள செத்துப் போயிற்றான். கையெழுத்து வச்சுக் குடுத்திற்றன். நீங்க கார்ட அடிங்க."

அடித்தான். ஐம்பது கார்டு. அவள் வாங்குப் பலகையில் இருந்தபடி ஒவ்வொன்றாக மடித்தாள். முடித்து எழும்பி வாசல் வரைக்கும் போனவள் நின்றாள்.

"அந்தப் புள்ளைகளுக்கு நேரத்துக்குச் சோறு குடுப்பாங்களா மனே?"

"ஓம் அம்மா, குடுப்பாங்க" என்றான் ஜொய்சன்.