இருநூற்றுப் பதினான்காம் இதழ்

அக்காவின் கை விறைத்துவிட்டதால் கோட்டு ஏறவில்லை. தங்கை கத்தரிக்கோலை எடுத்து அதன் முதுகுத் தையலைப் பிரித்தாள்.

"இந்த வெள்ளிக் கலர் வேஷத்தோடயா அனுப்பப் போற?" அண்ணன் கதவருகே நின்று கேட்டார். "பாக்குறவங்க சிரிக்க மாட்டாங்க?"

"உயிரோட இருந்தப்பவே சிரிச்சாங்க. அக்கா கழட்டிட்டாளா?"

பகலெல்லாம் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுத்தவள் அக்கா. கடை மூடியதும் விஞ்ஞானக் கதை வாசகர் சங்கத்தின் செயலாளர். அதன் இதழுக்கு ஆசிரியர். வருடாந்தர மாநாட்டுக்கு இந்தக் கோட்டில்தான் போவாள். பெண் பார்க்க வந்தவர்கள் சங்கத்தை விட்டுவிடுவாளா என்று கேட்டபோது, "மாப்பிள்ளை வேணும்னா உறுப்பினராச் சேரட்டும்" என்றாள். அன்று தங்கையும் அண்ணனோடு சேர்ந்து தலையில் அடித்துக்கொண்டவள்தான்.

வாசலில் சங்கத்துக்காரர்கள் பதினோரு பேர், உள்ளே வரலாமா என்று தெரியாமல் நின்றார்கள்.

"அவங்க அங்கேயே நிக்கட்டும். நாம தூக்கிக்கலாம்," என்றார் அண்ணன்.

"அவங்கதான் தூக்குவாங்க. நீங்களும் ஒரு கை குடுங்கண்ணா."

அவளே போய் அவர்களைக் கூடத்துக்கு அழைத்து வந்தாள். இடுப்பில் செருகியிருந்த தாளைப் பிரித்தாள். "நேத்துக் காலையில ஆஸ்பத்திரியில அக்கா சொல்லச் சொல்ல எழுதினது. போன இதழ்ல வந்த அவ கதையைப் பத்தின வாசகர் கடிதத்துக்குப் பதில்."

படித்தாள்: "பக்கத்து நட்சத்திரத்துக்குப் போக நாற்பது வருடம் போதாது என்கிறீர்கள். சரி, அறுபது ஆகட்டும். கப்பலிலேயே பிள்ளை பெற்றுக்கொள்வார்கள். கதையை மாற்ற மாட்டேன்."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அவர்களில் பஸ் டிரைவர் ஒருவர் முன்னால் வந்தார். கண் சிவந்திருந்தது.

"அந்தக் கடிதம் நான் போட்டதுங்க," என்றார். பிறகு, அடக்க முடியாமல், "ஆனா அறுபதும் பத்தாதுங்க. வேகத்தைக் குறைக்கவே பாதி எரிபொருள் போயிடும்."

"பொணத்தை வெச்சுக்கிட்டு என்னய்யா பேச்சு இது?" அண்ணன் சீறினார்.

தங்கை கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள்.

"எழுதிக் குடுங்க," என்றாள் டிரைவரிடம். "அடுத்த இதழ், இருநூத்திப் பதினாலுல போடுறேன்."

வெளியே அமரர் ஊர்திக்காரர் ஹாரன் அடித்தார். டிரைவர் சட்டைப்பையைத் தடவினார். பேனா இல்லை. பக்கத்தில் நின்றவர் தன்னுடையதை எடுத்து நீட்டினார்.