ஃபஹத் வீடு

1

இந்தக் கதை ஒரு புகாரில் பிறந்தது. 2004இல் ஒரு கடலோர ஊருக்கு (பெயரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்) ஒரத்தநாட்டு வசந்தகுமார் இணையதளம் செய்து கொடுத்தான். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று வளைகுடாவில் இருப்பவர்கள் அங்கிருந்தே பார்க்கலாம். ஒருநாள் அதில் ஷமீராவின் வீட்டைக் காணவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

துபாயில் வேலை பார்க்கும் ஃபஹதின் மனைவி ஷமீரா அன்று காலை

நிறுத்திவிட்டேன். ஃபஹத் தலாக் சொல்லியாகிவிட்டது. தளத்திலிருந்து தன் பெயரை எடுக்கச் சொன்னான், வசந்தகுமார் எடுத்தான். கூடவே வீடும் ஷமீராவும் மகள் பர்வினும் போய்விட்டார்கள்.

3

இங்கே கொஞ்சம் கட்டுரை, பொறுத்துக்கொள்ளுங்கள். டேட்டாபேஸில் ஆட்களுக்கு ஓர் அட்டவணை, வீடுகளுக்கு ஓர் அட்டவணை. வசந்தகுமார் ஒவ்வொரு வீட்டையும் ஒரு குடும்பத் தலைவரோடு கோத்திருந்தான், மற்றவர்களை அந்த வீட்டோடு. தலைவரை நீக்கினால் கோத்ததெல்லாம் தானே நீங்கும். அவன் ஊர் வழக்கத்துக்கு அது சரி (சரியா? எனக்குக் குழப்பமாக இருக்கிறது). இந்த ஊரில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருப்பார்.

4

ஷமீரா அவனை வரச்சொல்லி, தேநீர் கொடுத்தாள்.

"எங்க போயிட்டீங்கன்னு சவுதியிலேருந்து போன் வருது தம்பி. வீட்டை விட்டே போயிட்டேன்னு பேசுறாங்க."

"தலைவர் கட்டம் காலியா இருந்தா பதிவு ஏறாதுங்கக்கா. உங்க வாப்பா பேரைப் போட்டுறவா?"

"அவங்க மவுத்தாயிட்டாங்க. இது அவங்க உசுரோட இருக்கும்போதே எனக்குக் குடுத்த வீடு. வந்து இருந்தவரு போனா வீடும் கூடப் போயிருமா?"

வசந்தகுமார் தேநீரைக் குடித்து முடித்துவிட்டுக் கிளம்பினான்.

5

முடிவு ஒன்று: அவன் அட்டவணையைப் பிரித்து, ஷமீராவைத் தலைவியாக்கி மறுபடி கட்டுகிறான். (அவ்வளவு சுலபமாக யார் விட்டுக்கொடுக்கிறார்கள்?)

முடிவு இரண்டு: அவள் தளத்தைத் தலைமுழுகிவிட்டு

இல்லை. அவளுக்கு அந்தத் தளத்தில் தன் பெயர் வேண்டும்.

எரிச்சலில், ஒரு வரிகூடப் பேசாத ஃபஹதைக் கதையிலிருந்தே தூக்கினேன். மீதியைப் படித்தால் ஷமீரா யார் என்றே சொல்ல முடியவில்லை. வசந்தகுமாரைக் குறை சொன்னேனே, நானும் அவளை ஃபஹதோடுதான் கோத்து வைத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

அவனைத் திரும்பக் கொண்டுவந்தேன். அவன் பெயர் உள்ள தலைப்பையும் தொடவில்லை. தொட்டால் அவள் வீடு மறுபடி காணாமல் போய்விடுமோ என்று பயம். நீங்கள் மாற்றிப் பாருங்கள். மாற்றிய பிறகும் அவள் அங்கே இருந்தால், எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.