இலாரியாவுக்கு ஒரு கிண்ணம்

கிண்ணத்திலிருந்து எழும் ஆவி படையல் மேசைமேல் கட்டிய கரும்பு வளைவுவரை நேராகப் போய் அங்கே கலைகிறது, வேர்க்கடலை சூப், மேலே பொரித்த உருளைக்கிழங்குக் குச்சிகள், செனோபியா கரண்டியைக் கையில் பிடித்தபடியே நிற்கிறாள், கீழே வைக்கத் தோன்றவில்லை, இன்னும் சற்று நேரத்தில் கோயில் மணி உச்சிவேளையை அடிக்கும், அடித்தால் இலாரியா வந்துவிடுவாள். லா பாஸ் நகரத்தில் நவம்பர் முதல் தேதி நடுப்பகலில் செத்தவர்கள் வீடு திரும்புவார்கள், மறுநாள் நடுப்பகல்வரை இருந்து பிடித்ததைச் சாப்பிட்டுப் போவார்கள், மூன்று வருடம் இப்படி வருவார்கள், மூன்றாவது வருடம் வயிறும் மனமும் நிறைந்துவிட்டால் அப்புறம் திரும்பி வருவதில்லை, குறை வைத்தால் போவதும் இல்லை. இலாரியாவுக்கு இது மூன்றாவது வருடம். அவள் சக்கரியாஸின் முதல் மனைவி, செனோபியா இரண்டாவது. போன வருடம்வரை இலாரியாவின் அக்கா பெத்ரோனாதான் சமைத்தாள், இந்த முறை அவள் பானையைக் கொண்டுவந்து செனோபியாவின் அடுப்பில் வைத்துவிட்டு, கடைசி வருஷம் வீட்டுக்காரிதான் பொங்கிப் போடணும் தங்கச்சி, உன் கையால சாப்பிட்டாத்தான் அவ நிம்மதியாப் போவா என்றாள், போவா என்ற அந்த ஒரு சொல்லுக்காக செனோபியா விடிவதற்கு முன்பே எழுந்தாள், கடலையை வறுக்காமல் பச்சையாகவே ஊறவைத்துத் தோலுரித்து அம்மியில் வெண்ணெயாக அரைத்தாள், பொங்கி வழியாமல் கிண்டிக்கொண்டே நின்றாள், பெற்ற தாய்க்குக்கூட இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை, ஒருத்தி தொலைய வேண்டும் என்பதற்காக அவளுக்கு இத்தனை ருசியாகச் சமைக்க வேண்டியிருக்கிறது, இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது.

இலாரியாவுக்குப் பிடித்த இந்த சூப்பை இந்த வீட்டில் செனோபியா இதுவரை வைத்ததில்லை, கல்யாணமான புதிதில் ஒருநாள் வைக்கட்டுமா என்று கேட்டபோது சக்கரியாஸ் மினிபஸ்ஸின் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டான், அந்தக் கண்ணாடி ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. அவன் வண்டி ஓட்டுகிறான், அவள் கதவோரம் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டி நிறுத்தங்களைக் கூவுகிறாள், கல்லறைத் தோட்டம், பெரிய சந்தை, பிராதோ, ஏறுங்க ஏறுங்க, அதற்கு முன்னால் அந்த இடத்தில் உட்கார்ந்து கூவியவளும் இலாரியாதான், இருக்கையின் ஓரத்தில் அவள் தைத்த ஒட்டு இன்னும் இருக்கிறது, ஊதா நூல், நெருக்கமான தையல். ஒரு கிழவி காய்கறி மூட்டையோடு ஏறி உட்கார்ந்ததும் சொன்னாள், முன்னாடி இருந்தவ குரல் அடுத்த தெருவுக்குக் கேக்கும், நீ ஏம்மா கோழிக்குஞ்சு மாதிரிக் கத்துற. வண்டி முழுக்கச் சிரித்தது, சக்கரியாஸும் சிரித்தான், கண்ணாடியில் அவன் பற்கள் தெரிந்தன, அன்று முழுவதும் அவள் தொண்டை கிழியக் கூவினாள், சாயங்காலம் குரல் போயிருந்தது, அவன் அதைக் கவனிக்கவில்லை. அவளிடம் அவன் பேசுவது கதவைச் சாத்து, சாவி எங்க, தண்ணி எடுத்தியா, குற்றம் சொல்ல முடியாது, அடிக்கிறவன் இல்லை, குடிக்கிறவனும் இல்லை, ஆனாலும் சாவிக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு குரல் இருந்திருக்க வேண்டும், அதை ஒருத்தி தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒருநாள் மேட்டில் வண்டிகள் நெரிந்து நின்றபோது எதிரே இரண்டு பனிமலைகள் தெரிந்தன, இயிமானி கூராக, பக்கத்தில் முருராத்தா உச்சி வெட்டியதுபோல் தட்டையாக, சக்கரியாஸ் தானாகவே பேச ஆரம்பித்தான், கடவுளுக்கு இயிமானி மேல் பிரியம், அதைப் பார்த்து முருராத்தா பொறாமையில் புழுங்கியது, கடவுள் கவணில் கல் வைத்து அடித்தார், தலை பறந்து போய் தூரத்தில் இன்னொரு மலையாக விழுந்தது. செனோபியா கேட்டாள், கடவுள் அதுகிட்டயும் கொஞ்சம் பிரியமா இருந்திருந்தா என்ன குறைஞ்சுபோயிருக்கும்? அவன் சொன்னான், பின்னாடி ஹாரன் அடிக்கிறான், கதவைச் சாத்து.

போன வாரம் சந்தையில் அந்த முகங்கள், செத்தவர்களுக்காகச் சுடுகிற ரொட்டிப் பாப்பாக்களில் பதிக்கும் சிறிய களிமண் முகங்கள், தட்டுத் தட்டாக, சிவந்த கன்னங்களோடு வானத்தைப் பார்த்துக் கிடந்தன, சக்கரியாஸ் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்புகிறான், மூக்கு இப்படி இல்ல என்கிறான், இது கோவக்காரி மாதிரி இருக்கு, அவ கோவக்காரி இல்ல என்கிறான், செனோபியா மாவுப் பையைத் தோள் மாற்றித் தோள் சுமந்தபடி நிற்கிறாள், நான் செத்தால் இவன் என் மூக்கை ஞாபகம் வைத்திருப்பானா, கையில் கிடைத்த முதல் முகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவானா. கடைக்காரி அவளைப் பார்த்து, உங்க அக்காவுக்காம்மா என்று கேட்டாள், சக்கரியாஸ் நிமிராமல், என் பெண்சாதிக்கு என்றான். கடைக்காரி செனோபியாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உயிரோடதான இருக்காங்க என்றாள், பக்கத்துக் கடைக்காரியும் சேர்ந்து சிரித்தாள். தெருமுனை அடுப்பில் சுட்டு எடுத்தபோது ரொட்டிப் பாப்பா இரண்டு பங்கு ஊதியிருந்தது, பெத்ரோனா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், பார்றா என் தங்கச்சிய, மேல போயி நல்லாத் தின்னிருக்கா. அன்று இரவு கனவில் அந்த ரொட்டி வண்டியில் ஏறியது, கதவோர இருக்கையில் உட்கார்ந்தது, எழுந்திரு என்று சொல்ல செனோபியாவுக்குக் குரல் வரவில்லை, கல்லறைத் தோட்டம் வந்ததும் அது, ஓரமா நிறுத்துங்க, இறங்கணும் என்றது, சக்கரியாஸ் பிரேக்கை மிதிக்கவில்லை, மறுபடி சொன்னது, இறங்கணும், வண்டி போய்க்கொண்டே இருந்தது, அவளுக்கு அப்போதுதான் புரிந்தது, விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இலாரியா அல்ல.

மணி அடிக்கிறது. பெத்ரோனா எழுந்து நின்று மேலாடையைச் சரிசெய்கிறாள், ஜெபம் சொல்ல வந்தவர்கள் தொப்பிகளைக் கழற்றுகிறார்கள், யார் பெயருக்கு என்று ஒருவர் கேட்கிறார், வீட்டுக்காரியான செனோபியாவே சொல்ல வேண்டியதாகிறது, இலாரியா, அவள் வாயால் இந்தப் பெயரைச் சொல்வது இதுதான் முதல் தடவை, பழத்தைக் கடித்ததுபோல் நாக்கில் ஏதோ ஒட்டுகிறது. ஜெபம் பாதியில் இருக்கும்போது கதவு வழியாக ஒரு ஈ வருகிறது, பெரிய ஈ, கரும்பைச் சுற்றுகிறது, ரொட்டியைத் தொடுகிறது, பிறகு சூப் கிண்ணத்தின் விளிம்பில் வந்து உட்காருகிறது, வந்துட்டா என்று பெத்ரோனா முணுமுணுக்கிறாள், இந்த நாளில் வீட்டுக்குள் வருகிற ஈயை யாரும் விரட்ட மாட்டார்கள், பசியோடு திரும்பியவர்களை யார் விரட்டுவார்கள். சக்கரியாஸ் மேசையருகே குனிகிறான், முகம் கிண்ணத்துக்குப் பக்கத்தில், சூடா இருக்கும்மா, மெதுவா, அவசரப்படாத என்கிறான். அந்தக் குரல். செனோபியா அதைக் கேட்டதே இல்லை, கேட்டதும் தெரிந்துவிட்டது, இதுதான் அது, சாவிக்கும் கதவுக்கும் நடுவில் இல்லாமல் போனது, ஒரு ஈக்குக் கிடைக்கிறது. அவள் விரல்கள் கரண்டியை இறுக்குகின்றன, ஓங்க முடியாது, அத்தனை பேர் பார்க்கிறார்கள், ஓங்கினால் இலாரியா பசியோடு பறந்துபோய் இதே வீட்டின் உத்தரத்தில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள், இருந்தும் செனோபியாவால் பொறுக்க முடியவில்லை, குனிகிறாள், உதட்டைக் குவித்து, கிண்ணத்தின் விளிம்பைப் பார்த்து, போ, போய்த்தொலை, என்று பலமாக ஊதுகிறாள்.

ஈயின் இறக்கைகள் படிந்து ஒட்டிக்கொள்கின்றன, கால்கள் சற்றுச் சறுக்குகின்றன, பறக்கவில்லை, விளிம்பில் நாலு எட்டு நடந்து செனோபியாவின் பக்கமாக வந்து நிற்கிறது, தலையைத் தாழ்த்திக் குடிக்கத் தொடங்குகிறது. பின்னால் பெத்ரோனா மூக்கை உறிஞ்சுகிறாள், பாருங்க, ஆத்திக் குடுக்குறா, எந்த மகராசிக்கு இந்த மனசு வரும். ஜெபக்காரர் தலையசைக்கிறார். சக்கரியாஸ் நிமிரவில்லை, கண் ஈயின் மேலேயே இருக்கிறது, கை மட்டும் நீண்டு செனோபியாவின் முழங்கையைத் தொடுகிறது, அதே குரலில், சற்றும் குறையாத அதே குரலில், இன்னும் கொஞ்சம் ஊதும்மா என்கிறான். அவள் ஊதுகிறாள். ஆவி எதிர்ப்பக்கம் சாய்ந்து அவன் முகத்தில் படிகிறது.