முப்பத்தொன்பது நாள் நடந்தவர்

1994 ஜூலை 7, வியாழன், பிற்பகல் மூன்று மணி. மைசூரில் பஞ்சவர்ணத்தின் வீட்டு முன்னறை. போதகர் அவர்கள், அந்த வீட்டின் ஒரே நாற்காலியில். சபைச் செயலாளராகிய நான் அவருக்கு எதிரே டிரங்குப் பெட்டியின் மேல், மடியில் அட்டையும் தாளுமாக. பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி மாதம்மா, பாயில் சுவரோடு சாய்ந்து. பஞ்சவர்ணம் அதே பாயின் மறு ஓரத்தில். அவருடைய கணவரின் அக்கா ராமக்காள், வாசற்படியில், முகம் தெருப்பக்கமாக. ராமக்காள் எங்கள் சபையைச் சேர்ந்தவரல்ல. தம்பி ஞானஸ்நானம் பெற்ற நாளிலிருந்து ஒன்பது வருடம் அவரோடு பேச்சில்லாமல் இருந்தவர். அன்று காலை பஸ்ஸில் ஹனூரிலிருந்து வந்திருந்தார்.

கூட்டம் கூடியது என் கைப்பிழையால்.

பஞ்சவர்ணத்தின் கணவர் மல்லப்பன் கட்டட மேஸ்திரி. போன நவம்பரில் சாரம் சரிந்து கீழே விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையானார். ஐந்து மாதம் வெள்ளிதோறும் சபை உபவாசமிருந்து ஜெபித்தது. ஏப்ரல் 3, உயிர்த்தெழுந்த ஞாயிறன்று, கோலூன்றித் தாமே ஆலயத்துக்குள் நடந்து வந்தார். பாடிக்கொண்டிருந்த பாட்டு பாதியில் நின்றுபோயிற்று.

ஜெபம் கேட்கப்பட்டால் எங்கள் மாதப் பத்திரிகையில் அந்தக் குடும்பத்தார் பேரில் நன்றி அறிவிப்புப் போடுவது வழக்கம். அன்று மாலையே எழுதி அனுப்பினேன்: ‘கர்த்தர் மல்லப்பனை முற்றிலும் சுகமாக்கினார்.’ மே 12 விடியற்காலையில் மல்லப்பனின் மூச்சு நின்றது. காலிலிருந்து ரத்தக்கட்டி நுரையீரலுக்கு ஏறிவிட்டது என்றார் டாக்டர். அடக்கத்துக்கு அலைந்ததில், அந்த அறிவிப்பை நிறுத்தும்படி எழுத மறந்தேன். இடமில்லாமல் தள்ளிப்போய், ஜூலை இதழில் அது அச்சாகி வந்துவிட்டது.

ஆகவே மறுப்பு ஒன்று தயாரித்து எடுத்துப்போயிருந்தேன். ‘தவறுதலாக வெளியான நன்றியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்’ என்று வாசித்தேன்.

“ஒரு கையெழுத்துப் போடும்மா. இதோட முடிஞ்சுது” என்றார் போதகர்.

ராமக்காள் தெருவைப் பார்த்தபடியே சொன்னார்: “செத்தவனைச் சுகமாயிட்டான்னு அச்சடிச்சிருக்கீங்களேங்க. உங்க சாமிக்கு இன்னும் தகவல் போகலையாக்கும்?”

“ஏ அக்கா, சும்னே இரு. அது சாமி குத்தமில்ல, நம்ம செக்ரட்டரி அண்ணன் கை குத்தம்” என்றார் மாதம்மா. “என் மகளைப் பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கே கல்யாண வாழ்த்து எழுதி நீட்டினவரு. அந்த மாப்பிள்ளை அப்புறம் இந்தப் பக்கமே வரலை.”

போதகர் சிரித்துவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பஞ்சவர்ணம் பேனாவை வாங்கவில்லை.

“போடமாட்டேன். எதைத் திரும்ப வாங்கறீங்க? அவரு நடந்ததையா?”

“அதில்லம்மா. முற்றிலும்னு எழுதிட்டேன்…” என்றேன்.

“அந்த ஒரு வார்த்தை தப்பு. அதை அடிங்க. மிச்சம் நடந்ததுதானே? ஒரு வாய்த் தண்ணி வேணும்னு என்கிட்ட கேக்கவே கௌரவம் பார்த்த மனுஷன். அஞ்சு மாசம் என் கையால குளிச்சு, என் கையால தின்னு, இளகிப் போனாரு. எழுந்து நடந்ததும் எங்கே போனாரு? ரெண்டு பஸ் மாறி அக்கா வீட்டுக்குப் போனாரு. விழாம இருந்திருந்தா போயிருப்பாரா?”

ராமக்காள் தெருவிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

“நானுந்தான். முன்னாடி எனக்கு ஜெபம்னா கேக்கறது. அதைக் குடு, இதைக் குடு. அப்புறம் கேக்க ஒண்ணும் தோணாம அவரு பக்கத்துல சும்மா உக்காந்திருந்தேன். அப்பதான் எங்ககூட இன்னொருத்தரும் உக்காந்திருக்காருன்னு தெரிஞ்சுது. அதைத் திரும்பக் குடுக்க முடியுமா?”

போதகரின் முகம் மலர்ந்தது. “அப்படின்னா, அவரை எடுத்துக்கிட்டதுக்கும் ஸ்தோத்திரம்னு சேர்த்துடலாமாம்மா?”

“வேண்டாங்கய்யா. அதுக்கு எனக்கு இன்னும் நன்றி வரலை. வராததை வந்ததுன்னு எழுதினா, செக்ரட்டரி அண்ணன் எழுதின மாதிரியே ஆயிடும். வர்றப்ப நானே சொல்றேன்.”

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னிடம், “அவங்க சொல்றபடியே எழுதுங்க” என்றார்.

மறுப்பைக் கார்பன் நகலோடு கிழித்தேன். பதினோரு வருடமாகச் செயலாளராக இருந்து நன்றி அறிவிப்புகள் எத்தனையோ எழுதியிருக்கிறேன். இப்படியொன்று எங்கள் சபையிலிருந்து போகிறது என்ற நிமிர்வு எனக்கு அன்றுதான் வந்தது. எழுதியது இது: ‘ஏப்ரல் 3 முதல் மே 11 வரை முப்பத்தொன்பது நாள் கர்த்தர் என் கணவரை நடக்க வைத்தார். அதற்கு நன்றி. அவரை எடுத்துக்கொண்டதற்கு நன்றி சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. அதற்காக ஜெபியுங்கள்.’

“ஏனுங்க” என்று வாசற்படியிலிருந்து குரல் வந்தது. “நடந்தான் நடந்தான்னா, எங்கே நடந்தான்னு ஊருக்குத் தெரிய வேண்டாமா? என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டானுங்க. அதையும் போடுங்க.”

போதகர் தலையசைத்தார். ‘ஹனூரில் தம் அக்கா வீட்டில் உணவருந்தினார்’ என்று சேர்த்து வாசித்தேன்.

“களின்னு போடுங்க. ரெண்டு உருண்டை.”

அப்படியே மாற்றி, புதுத் தாளில் எழுதினேன். பஞ்சவர்ணம் படித்தது கன்னடப் பள்ளியில். என் தமிழ் வரிகளுக்குக் கீழே கன்னட எழுத்தில் நிதானமாகக் கையெழுத்திட்டார். அடித்தல் திருத்தல் ஒன்றுமில்லை.

என் பழுப்பு உறையில் பசை போயிருந்தது. அதைப் பார்த்த ராமக்காள் வாசற்படியை விட்டு எழுந்து, எங்களைத் தாண்டி உள்ளே போய், கட்டைவிரலில் நாலு சோற்றுப் பருக்கையோடு வந்தார். பாயில் மாதம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, மடிப்பு நெடுகத் தேய்த்து, முஷ்டியால் அழுத்தினார். “இனிப் பிரியாது” என்றார்.

ஐந்து மணிக்குத் தபால் எடுப்பார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். பின்னாலிருந்து மாதம்மா கத்தினார்: “அண்ணா, அடுத்த நன்றியை இப்பவே எழுதி வெச்சுடாதீங்க!”

“மாட்டேன்” என்று திரும்பிச் சொல்லிவிட்டுப் போய், உறையைத் தபால் பெட்டிக்குள் போட்டேன்.