மச்சான் கட்டு

பதினெட்டு வருஷம் மெஷின் பிடிச்சவனுக்கு மெஷின் பிடிக்கக் கத்துக் குடுக்கப் போறாங்களாம். எல்லாரும் மறுபயிற்சிக்கு வந்தே ஆகணும்னு முதலாளி போர்டுல எழுதிப் போட்டுட்டாரு. சொல்லிக் குடுக்க வந்தது ஒரு பொண்ணு, என் மூத்த மக வயசுதான் இருக்கும். "அ, ஆ-வுலேருந்து ஆரம்பிம்மா"ன்னு சத்தமா சொன்னேன். பட்டறையே சிரிச்சுது. பக்கத்துல இருந்த மாப்பிள்ளை மட்டும் சிரிக்கலை.

மாப்பிள்ளைன்னா என் தங்கச்சி வீட்டுக்காரர். இந்த கிரில் பட்டறையில அவரைச் சேர்த்து விட்டதே நான்தான். அவரு என்னை மச்சான் மச்சான்னு கூப்பிட்டு, கடைசியில ஊருக்கே நான் மச்சானாயிட்டேன்.

கையில பிடிச்சுக் கம்பி அறுக்குற மெஷின்ல சுவிட்சை அமுக்கிக்கிட்டே இருக்கணும், விட்டா நின்னுடும். நாள் பூரா அமுக்கினா விரல் மரத்துப் போகும். அதனால கருப்பு டேப்பால சுவிட்சை ரெண்டு சுத்து சுத்தி, நுனியை உள்ளே மடிச்சு விடுவேன். மடிப்பைப் பிடிச்சு இழுத்தா ஒரே இழுப்புல பிரிஞ்சிடும். மத்தவங்களும் கட்டுவாங்க, ஆனா நுனியை மடிக்கிற பொறுமை எவனுக்கும் கிடையாது. பேரே 'மச்சான் கட்டு'. அதைக் கேட்டா எனக்குத் தலைகால் புரியாது.

ஆறு மாசத்துக்கு முன்னாடி வேலை பாதியில கரண்டு போச்சு. நான் கட்டைப் பிரிக்காம மெஷினை மேஜையில போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டேன். கிரில் வைக்க இடம் வேணும்னு மாப்பிள்ளை அதை ஒதுக்கி வைக்கத் தூக்கினாரு. அந்த நேரம் பார்த்து கரண்டு வந்துச்சு, கட்டின மெஷின் தானா சுத்திடுச்சு. இடது கையில ரெண்டு விரல் இன்னைக்கும் மடங்காது.

"யாரு கட்டினது?"ன்னு முதலாளி கேட்டாரு. நான் வாயைத் திறக்கலை, என் கட்டுன்னு தெரிஞ்சவங்களும் காட்டிக் குடுக்கலை. மாப்பிள்ளையே கட்டிட்டு அலட்சியமா இருந்துட்டாருன்னு எழுதிட்டாங்க. அன்னையிலேருந்து அவருக்கு மெஷின் கிடையாது, உப்புத்தாள் வச்சுத் துரு தேய்க்கிறாரு. ஆஸ்பத்திரியில என் தங்கச்சி, "எங்கண்ணன் எத்தனை வருஷமா பிடிக்கிறாரு, ஒரு கீறல் உண்டா? உங்களுக்குத்தான் எதுலயும் அசட்டை"ன்னு அவரைப் பொரிஞ்சு தள்ளினா. நான் பக்கத்துல ஆரஞ்சு உரிச்சுக்கிட்டு நின்னேன். தூ, நானெல்லாம் ஒரு மனுஷன்!

அந்தப் பொண்ணு பையிலேருந்து மெஷினை எடுத்து மேஜையில வச்சுது. அன்னைக்கு முதலாளி எடுத்துப் பூட்டி வச்ச அதே மெஷின். கட்டு அப்படியே இருந்துச்சு.

மடிச்ச நுனியை விரலால தூக்கிக் காட்டி, "கட்டினவரு கெட்டிக்காரர். சட்டுனு பிரிக்கணும்னு யோசிச்சிருக்காரு. போன கரண்டு திரும்பி வரும்னு மட்டும் யோசிக்கலை"ன்னு சொல்லுச்சு.

இப்ப யாரும் சிரிக்கலை. எனக்குக் காதெல்லாம் சுட்டுது.

அப்புறம் மாப்பிள்ளைக்கு முன்னாடி ஒரு பேப்பரை வச்சுது. "இனிமே இப்படிக் கட்ட மாட்டேன்னு எழுதிக் குடுத்துடுங்க. திரும்ப மெஷின் தரலாம்னு முதலாளி சொல்லிட்டாரு."

மாப்பிள்ளை மடங்காத விரலால பேப்பரை அழுத்திப் பிடிச்சுக்கிட்டுப் பேனாவை எடுத்தாரு. நான் கட்டின கட்டுக்கு அவரு எழுதறாரு. நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. எப்படி எழுந்தேன்னே தெரியலை.

"எழுதாதீங்க மாப்பிள்ளை. கட்டினது நான்தாம்மா. கரண்டு போனப்ப பிரிக்காம விட்டதும் நான்தான். கேட்டப்ப ஊமை மாதிரி நின்னதும் நான்தான்."

அந்தப் பொண்ணு என்னைத் திட்டலை. பேப்பரை எடுத்து என் பக்கம் நகர்த்துச்சு, அவ்வளவுதான். எழுதிக் குடுத்தேன். முதலாளி என் மெஷினை எடுத்து மாப்பிள்ளை கையில குடுத்தாரு. எனக்கு உப்புத்தாள்.

வெளியில குழாயடியில கை கழுவும்போது மாப்பிள்ளை வந்து நின்னாரு. அவரு மூஞ்சியை என்னால பார்க்க முடியலை.

"அது என் கட்டுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும் மாப்பிள்ளை?"

"தூக்கினப்பவே தெரியும். நுனி மடிச்சிருந்துதே."

"அப்புறம் ஏன் சொல்லலை? தங்கச்சிகிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

அவரு குழாயை மூடினாரு.

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன் மச்சான். தினமும்."