காசியம்மாள் கூடத்துத் தெரு

1936 ஆவணி மாதத்தில் தர்மபுரியின் தெருக்கள் பூசணிக்கொடிபோலத் தாமாகவே வளரத் தொடங்கின. அந்த வருஷம் கேழ்வரகும் நன்றாக விளைந்தது. ஊர் கிழக்கே கொல்லைக்காடுவரை பரவியது. ஆனால் எந்தத் தெருவும் இன்னொன்றோடு சேரவில்லை. தெரு நேராக வந்து வாசலில் முட்டினால் அது தெருக்குத்து, குடும்பத்துக்கு ஆகாது என்று பயந்து, புதுவீடு கட்டிய எல்லோரும் முன்சுவரில் ஒரு பிள்ளையாரைப் பதித்திருந்தார்கள். நெருங்கி வந்த தெரு பிள்ளையாரைப் பார்த்ததும் மரியாதையாக வளைந்து வேறு பக்கம் போய்விட்டது.

காசியம்மாள் வீட்டுக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில் இருந்தது தங்கை செல்லம்மாளின் வீடு. சீக்கிரமே அங்கே போக மாட்டுவண்டியில் அரைநாள் ஆயிற்று. குறுக்கே காட்டில் இறங்கி நடந்தால், காலடியிலேயே ஒரு தெரு முளைத்து, நடப்பவரைச் சுற்றவிட்டுப் புறப்பட்ட இடத்திலேயே சேர்த்தது. மருத்துவச்சி குள்ளம்மாள் இருந்தது காசியம்மாளின் தெருவில். அடுத்து வந்த வருஷங்களில் செல்லம்மாளின் இரண்டு பிரசவத்துக்கும் அவள் வண்டி கட்டிக்கொண்டு போனாள். இரண்டு முறையும் போய்ச் சேருமுன் குழந்தையின் மூச்சு அடங்கிவிட்டது.

மூன்றாவதுக்கு மாசியில் நாள் என்று தெரிந்ததும் காசியம்மாள் கடப்பாரையை எடுத்தாள். தன் வீட்டுப் பிள்ளையாரைப் பெயர்த்து, குளிப்பாட்டி, வேப்பமரத்தடியில் உட்கார வைத்தாள். முன்கதவையும் பின்கதவையும் கழற்றிச் சுவரோரம் சாத்திவைத்தாள். தெருவார் வந்து தடுத்துப் பார்த்தார்கள். புருஷன் பச்சியப்பன் கழற்றிய கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"தெருக்குத்து வூட்டுல ஆம்பள தங்கமாட்டான்னு சொல்றாங்க, காசி."

"நீங்க ஓரமாப் படுத்துக்கங்க. குத்துனா என்னயக் குத்தட்டும்."

புதிதாக வாங்கிவந்த மாடு மாதிரி, தெரு சில நாள் வாசலில் தயங்கி நின்றது. காசியம்மாள் கூடத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, "உள்ள வா. ரெண்டு உசுரு போயிருச்சு, இன்னும் என்னத்தப் பாக்கற?" என்றாள். தெரு உள்ளே வந்தது. கூடத்தை இரண்டாகப் பிளந்து, அடுப்பு வடக்கேயும் தானியக் குதிர் தெற்கேயும் ஒதுங்கும்படி தள்ளிவிட்டு, பின்வாசல் வழியே நேராகப் போய், செல்லம்மாள் வீட்டோரம் அவள் தெருவில் சேர்ந்தது. அதைப் பார்த்து மற்றத் தெருக்களும் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

மாசியில் செல்லம்மாளுக்கு வலி கண்டது. அடுப்பில் வைத்த வெந்நீர் சுடுமுன்பே குள்ளம்மாள் கூடத்தின் வழியே நடந்து வந்துவிட்டாள். பெண் குழந்தை, ஊருக்கே கேட்கும்படி அழுதது. மூக்கில் தூசி ஏறியதைத் தவிர பச்சியப்பனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வீடு மறுபடி ஒட்டவில்லை. பஞ்சாயத்து போர்டார் கூடத்தில் ஒரு விளக்குக்கம்பம் நட்டார்கள். யுத்தகாலத்தில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் அது அணைந்தே கிடந்தது. மொரப்பூர் ரயிலுக்குப் போகிற வண்டிகள் காலையில் கூடத்தைக் கடக்கும். காசியம்மாள் களிப்பானையைச் சற்று உள்ளே நகர்த்திக்கொண்டு கிண்டுவாள்.