ஆறாம் கோடு

நல்லரத்தினத்தை இரண்டு பக்கமும் ஏசும். அதில் மனுசனுக்கு உள்ளூரப் பெருமை.

மாரி பிறந்து வாவி நிரம்பினால் முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விட வேண்டும். எப்போது வெட்டுவது என்பதில்தான் வருசா வருசம் கூட்டத்தில் வழக்கு. வயற்காரருக்கு வெள்ளாமை மூழ்கக்கூடாது. பாலத்தடித் தூணில் கீறியிருக்கும் நாலாம் கோட்டைத் தண்ணீர் தொட்டதும் வெட்டு என்பார்கள். மீன்காரருக்கு இறால் வளரவேண்டும். எட்டாம் கோடு வரும்மட்டும் பொறு என்பார்கள். கூட்டத்தை நடத்தும் அரசாங்கக் கந்தோரில் பெரிய கிளாக்கரான நல்லரத்தினம் பழுகாமத்து வயற்காரரின் மகன், நாவலடி மீன்காரரின் மருமகன். ஆகவே கடைசி வார்த்தை அவருடையது. தொண்டையைச் செருமிக்கொண்டு "ஆறு" என்பார். பள்ளத்து வயல் வட்டைகள் மூழ்கும், இறால் அரைவளர்த்தியில் கடலுக்குப் போகும். இரண்டு பக்கமும் ஏசிக்கொண்டே வீட்டுக்குப் போகும்.

ஊர் அரசியலிலும் அவர் அப்படித்தான். இடதோ வலதோ, இயக்கமோ ஆமியோ, எதைக் கேட்டாலும் ரெண்டிலயும் ஞாயம் இருக்கு என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியை உறிஞ்சுவார். அந்த நாளில் அப்படி நின்றதால்தான் தலை தப்பியது என்பதையும் மறுக்க முடியாது.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு கார்த்திகைக் கூட்டத்துக்கு முதல்நாள் மனைவி இராசாத்தி அவரிடம் ஒன்று கேட்டாள். மூன்று மாரியாக வலையில் இறால் படவில்லை, நாவலடியில் பல வீடுகளில் ஒரு நேரம்தான் அடுப்பெரிகிறது, இந்த ஒரு தடவை எட்டென்று சொல்லுங்கள் என்றாள். கல்யாணமாகி இருபது வருசத்தில் அவள் கேட்டது அது ஒன்றுதான். மறுநாள் கூட்டத்தில் அவர் ஆறு என்றார். வீட்டுக்கு வந்து, இரண்டு பக்கமும் ஏசுது, அப்படியென்றால் நான் செய்தது சரி என்றும் சொன்னார்.

"ரெண்டு பேருக்கும் பிழை விட்டவனையும் அப்பிடித்தான் ஏசுவாங்க," என்றாள் இராசாத்தி. "ஒருக்கா எண்டாலும் என்ர பக்கம் நிண்டிருக்கலாம்."

குவாட்டர்ஸை விட்டு நாவலடியில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். கோபம் தணியட்டும் என்று இவர் இருந்தார். ஒரு மாதம் போயிற்று. டிசம்பர் இருபத்தேழு திங்கட்கிழமை லீவு போட்டுக் கூட்டி வருவதென்று முடிவெடுத்தார். ஞாயிறு காலையில் கடல் வந்தது. நாவலடியில் சுவரும் மிஞ்சவில்லை. இராசாத்தியின் உடலும் கிடைக்கவில்லை.

பிறகு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் சண்டை, இடம்பெயர்வு. ஐந்து வருசம் கூட்டமே நடக்கவில்லை. யுத்தம் முடிந்த வருசம் மாரிக்கு முன் புதிதாக வந்த அதிகாரி கூட்டம் வைக்கச் சொன்னார். அறிவித்தல் கடிதங்களுக்கு நல்லரத்தினம்தான் விலாசம் எழுதினார். மீன்காரர் சங்கத்துக்கு நாவலடி என்று எழுதினார். அங்கே கட்டடமும் இல்லை ஆளும் இல்லை, தப்பிய சனம் திராய்மடுக் குடியேற்றத்தில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினார். அந்த ஊருக்கு ஒரு கடிதம் போட ஐந்து வருசமாக அவருக்கு ஒரு சாட்டு வாய்க்கவில்லை.

கூட்டத்தன்று காலையில் கடிதம் அவர் மேசைக்கே திரும்பி வந்தது.

மண்டபத்தில் வயற்காரர் மட்டும்தான். எதிர்ப்பேச்சுப் பேச ஆளில்லாததால் பாதிப்பேர் நாலு என்றார்கள், மீதிப்பேர் துணிந்து இரண்டு என்றார்கள். அதிகாரிக்கு வேலை லேசாகிவிட்டது. அப்படியென்றால் நடுவாக மூன்று போடுவோம் என்று சொல்லி, வழக்கமாக நடு சொல்பவர் நீங்கள்தானே என்று நல்லரத்தினத்தைப் பார்த்துச் சிரித்தார்.

நல்லரத்தினம் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். தன் ஆறு தூணிலே கீறிய கோடு என்றல்லவா இத்தனை காலமும் நம்பியிருந்தார். எட்டு எட்டென்று தொண்டை கிழியக் கத்திய சனம் ஒரு பக்கம் இழுத்துப் பிடித்ததால்தான் அது ஆறாக நின்றது. அவர்கள் இல்லாத இடத்தில் நடு என்பது இருக்கிறவன் இழுத்த பக்கம் போகும். அன்று அவள் கேட்டதும் தன் பக்கம் நின்று இழுக்கத்தான்.

"எட்டு," என்றார்.

அவருடைய பழுகாமத்து மச்சான் வினாயகமூர்த்தி, வயற்காரர் தலைவர், கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "ஆருக்காகக் கதைக்கிறாய் மச்சான்?"

"வராத ஆக்களுக்காக. அவங்க வராததும் என்ர பிழைதான்." திரும்பி வந்த கடிதத்தை மேசையில் வைத்தார்.

அன்றைக்கு வாங்கிய ஏச்சை அவர் பிறந்ததிலிருந்து வாங்கியதில்லை. துரோகி என்றார்கள், பழுகாமத்துப் பக்கம் தலைகாட்டாதே என்றார்கள். ஏசியது ஒரு பக்கம் மட்டும்தான். கடைசியில் அதிகாரி, இரண்டைத் தள்ளிவிட்டு, நாலுக்கும் எட்டுக்கும் நடு ஆறு என்று எழுதிக் கூட்டத்தை முடித்தார்.

பின்னேரம் நல்லரத்தினம் பாலத்தைத் தாண்டி நாவலடிக்கு நடந்தார். மாமியார் வீட்டுக் கிணற்றுக்கட்டு மட்டும் மணலில் தெரிந்தது. அதன் பக்கத்தில் நின்றார்.

"எட்டெண்டுதான் சொன்னன், இராசாத்தி. ஆறுதான் கிடைச்சுது."

அவள் இருந்தால் சும்மா விடுவாளா? அஞ்சு வருசம் பிந்தி வந்து சொல்லுற கதையைப் பாரு என்று ஏசியிருப்பாள். அந்த ஒரு ஏச்சுக்காக, பொழுது பட்ட பிறகும் அவர் அங்கேயே நின்றார்.